பக்கம் புரட்டப் போனவன்

“அந்த பியூலாகிட்ட அப்படி என்னதான் இருக்கு டீச்சர்?”

கேட்டவன் செல்வின். அகஸ்டா டீச்சரிடம் பத்து வருஷமாகப் பியானோ படிக்கிறவன்.

பியூலா அவனுக்கு அடுத்த நேரத்து வகுப்புக்காரி. வெளியே பெஞ்சில் காத்திருந்து, அவன் எழுந்ததும் உள்ளே வருவாள். காலையில் பாஹ், மத்தியானம் சினிமா ரெக்கார்டிங், சாயங்காலம் சர்ச் கொயர் என்று எதைக் கொடுத்தாலும் வாசிப்பாள். ஜெர்மனியில் வந்து வாசிக்கச் சொல்லி ஒரே ஒரு அழைப்பு வந்தது. அதுவும் அவளுக்கு.

செல்வினுக்கு வயிறு எரிந்தது. ஆடத் தெரியாதவள்தான் கூடம் கோணல் என்பாள். இவனுக்கு ஆடவும் தெரியும், அதுதான் தொல்லை.

“நான் வாசிக்கிறதையே விட்டுடறேன்.”

டீச்சர் பென்சில் சீவுவதை நிறுத்திவிட்டு அவனுடைய இசைப் புத்தகத்தைப் புரட்டினார்.

“புதுசாவே இருக்கே.”

“ஒரு கீறல் விழாம வச்சிருக்கேன்,” என்றான் பெருமையாக.

“சரி. சனிக்கிழமை பியூலா கச்சேரி. வாசிக்கும்போது பக்கத்துல இருந்து பக்கம் புரட்ட ஆள் வேணுமாம். நீ போ.”

“நானா? அவளுக்கா?”

“விடறதைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

போனான். சும்மா போகவில்லை. வேகமான ஓர் இடத்தில் ஒரு கணம் தாமதித்துப் புரட்டினால் போதும், அவள் மானம் கப்பலேறிவிடும். எந்தப் பக்கம் என்றுகூட முடிவு செய்துவிட்டான்.

பியூலா வாசித்தாள். அவள் புத்தகம் முழுக்கப் பென்சில் கிறுக்கல். ‘கொயரில் கிரேஸ் அக்கா மூச்சு விடுகிற மாதிரி.’ ‘ஸ்டுடியோ தபேலாக்காரர் மாதிரி, லேசாக.’

எல்லாம் இரவல் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

அந்தப் பக்கம் வந்தது. ஓரத்தைப் பிடித்தான். கடைசி வரிக்கு மேல் எழுதியிருந்தது:

‘செல்வின் அண்ணா மாதிரி. பெஞ்சில் கேட்டது. எனக்கு இன்னும் வரவில்லை.’

பியூலா தலையசைத்தாள். அவன் கை அசையவில்லை. மறுபடி அசைத்தாள். பிறகு தானே எட்டிப் புரட்டி, விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தான்.

“ஒரு பக்கத்தைக் கோட்டை விட்டுட்டேன் டீச்சர்.”

“வேணும்னேவா?”

“வேணும்னு செய்யத்தான் போனேன். ஆனா விட்டது அதனால இல்ல.”

டீச்சர் அவன் புத்தகத்தை எடுத்துப் பியானோமேல் விரித்து வைத்தார்.

வகுப்பு முடிந்தது. வெளியே பெஞ்சிலிருந்து பியூலா எழுந்து உள்ளே வந்தாள். செல்வின் வாசலிலேயே நின்றான்.

“நான் கொஞ்ச நேரம் பெஞ்சில உக்காந்துக்கட்டுமா டீச்சர்?”

“வெறுங்கையோடவா?” என்று கேட்டு, டீச்சர் பென்சிலை நீட்டினார்.