இருபத்துமூன்றாவது தீர்மானம்

கன்னிமார்குளம் மடத்துக்கு வருகிறவர்கள் பிறவியைப் பற்றிக் கேட்பார்கள். மகளின் கல்யாணத்தைப் பற்றிக் கேட்பார்கள். பிளீச்சிங் பவுடரைப் பற்றிக் கேட்டவர் மாசிலாமணி ஒருவர்தான்.

அவர் அந்தப் பகுதியின் ஒன்றியக் குழுத் தலைவர். முப்பத்தெட்டு ஊராட்சிகள், பதினாறு உறுப்பினர்கள், தள்ளினால் கிளம்பும் ஜீப் ஒன்று. வயது அறுபத்திரண்டு. மடத்தை நடத்திவந்த உமையாள் அம்மைக்கு நாற்பதுகூட நிறையவில்லை. மகள் வயதில் ஒரு குருவா என்று அவர் வீட்டிலேயே கேலி உண்டு. மனிதர் கேலிக்கெல்லாம் அசைகிற ஆளில்லை. செவ்வாய்க்கிழமை ஆனால் வந்துவிடுவார்.

அன்றும் வந்தார். அம்மை முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“அம்மா, பதவியை விட்டுடலாம்னு இருக்கேன். இங்கயே வந்து உங்க காலடியில உக்காந்துடறேன்.”

“என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. அதுதான் சங்கடம். மூணு வருசமா தலைவர். என்ன செஞ்சேன்னு திரும்பிப் பாத்தா, பல்பு மாத்த ஒப்புதல் குடுத்திருக்கேன். மோட்டாருக்குக் காயில் கட்ட ஒப்புதல். பிளீச்சிங் பவுடர் நாப்பது மூட்டை. இதுல என்னம்மா புண்ணியம் இருக்கு? சாகறதுக்குள்ள உருப்படியா ஒரே ஒரு காரியம் செஞ்சாப் போதும்.”

“அடுத்த கூட்டம் எப்ப?”

“நாளைக்குப் பதினோரு மணிக்கு. நாப்பத்தொரு தீர்மானம்.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“பத்து நிமிசம். அப்புறம் வடை.”

அம்மை சிரித்துவிட்டார்.

உண்மையில் பத்து நிமிடமே அதிகம். உறுப்பினர்கள் உள்ளே நுழையும்போதே தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். எழுத்தர் மூச்சு விடாமல் எண்களை வாசிப்பார். ஒவ்வோர் எண்ணுக்கும் பதினாறு கைகள் மேசையைத் தட்டும். ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதி மை காய்வதற்குள் வடை வாசனை வந்துவிடும். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் மனத்தாங்கல் இருந்ததில்லை. தீர்மானம் எப்படியும் நிறைவேறத்தான் போகிறது என்பதால் பாதி வேலைகள் கூட்டத்துக்கு முன்பே தொடங்கிவிடும்.

“தாராளமா வாங்க. வேண்டாம்னு சொல்லல,” என்றார் அம்மை. “நாளைக் கூட்டத்தை நடத்திட்டு வாங்க. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஒரு ஆள் பேரைக் கேளுங்க.”

“எந்த ஆள்?”

“அந்தக் காரியத்தால நல்லதோ கெட்டதோ படப்போற ஆள். ஊர்மக்கள்னு சொன்னா ஒத்துக்காதீங்க. பொதுமக்கள்னு சொன்னாலும் ஒத்துக்காதீங்க. பேர் வரலேன்னா மேசையைத் தட்ட வேண்டாம்.”

“நாப்பத்தொண்ணுக்குமா?”

அம்மை கீரை முறத்தோடு எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் எழுத்தர் முதல் எண்ணை வாசித்தார். கீழத்தெரு முக்கில் தெருவிளக்கு பல்பு மாற்றுதல். பதினாறு கைகள் உயர்ந்தன.

“இருங்க. இது யாருக்கு?” என்றார் மாசிலாமணி.

உயர்ந்த கைகள் அப்படியே நின்றன. வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்ன பிள்ளைகள் மாதிரி எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“பொதுமக்களுக்குத்தான்,” என்றார் துணைத்தலைவர் கதிரேசன்.

“பொதுமக்களுக்குப் பேர் கிடையாதா?”

கதிரேசன் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து, தலைவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று கேட்டது எல்லாருக்கும் கேட்டது. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“முனியசாமிங்கய்யா. அந்தக் கம்பத்துக்கடியிலதான் பரோட்டாக் கடை போட்டிருக்காரு. பல்பு போனதுலேருந்து ஒரு கையில டார்ச்சு, ஒரு கையில தோசைக்கரண்டி.”

“எழுதுங்க. முனியசாமி.”

எழுத்தர் எழுதினார். முப்பது வருட சர்வீஸில் தீர்மானப் புத்தகத்தில் பரோட்டாக்காரர் பெயரை அவர் எழுதியது அதுதான் முதல் தடவை.

மோட்டார்க் காயிலுக்கு ரெஜினா டீச்சர் பெயர் வந்தது. பள்ளிக்கூடத்துக் குடிநீரைத் தன் ஸ்கூட்டரில் குடம் குடமாகக் கொண்டுபோகிறவர். பிளீச்சிங் பவுடருக்குப் பெயர் கிடைக்கக் கால் மணி நேரம் ஆனது. மூன்று பேருக்கு வாந்திபேதி கண்ட ஒரு தெருவைப் பற்றிப் பேச்சு போய், மூட்டைகளில் பாதியை அங்கேயே அனுப்புவது என்று முடிவானது. ஒன்பதாவது தீர்மானம் நான்கு சுழல் நாற்காலிகள் வாங்குவது. யாருக்கு என்று கேட்டதும் அலுவலர் ஒருவர் தன் இருமலைக் கஷ்டப்பட்டு அடக்கினார். நாற்காலி தள்ளிவைக்கப்பட்டது. அப்போது எழுந்த சிரிப்பில் கதிரேசனும் சேர்ந்துகொண்டார்.

வடை வந்தது. ஆறியது. யாரும் எழுந்திருக்கவில்லை. பசி ஒரு பக்கம் இருந்தாலும், தன் ஊர்ப் பெயர் எப்போது வரும், தான் யார் பெயரைச் சொல்வது என்று ஆளாளுக்கு ஒரு ஆர்வம் வந்துவிட்டது.

இருபத்துமூன்றாவது எண்ணை வாசிக்கும்போது மணி ஒன்றரை. பயன்பாட்டில் இல்லாத ஏழு கட்டடங்களை இடித்து அகற்றுதல்.

ஆறு கட்டடங்களுக்குப் பெயர் கிடைத்தது. இடிந்த சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர், பாம்பு அடையும் பழைய நூலகத்துக்கு எதிர்வீட்டு அம்மாள் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஏழாவது, பூவாளி கிராமத்துப் பழைய மாட்டாஸ்பத்திரி. அதற்குப் பெயர் வரவில்லை.

“கேட்பாரில்லாம கெடக்குதுங்கய்யா. எட்டு வருசமா பூட்டித்தான் இருக்கு,” என்றார் பொறியாளர்.

“உள்ள போய்ப் பாத்தீங்களா?”

“ரோட்டுலேருந்து பாத்தேன்.”

அந்த ஊர் உறுப்பினர் தெய்வானையைப் பார்த்தார் மாசிலாமணி. “நீங்க எப்பம்மா அந்தப் பக்கம் போனீங்க?”

தெய்வானைக்குப் பொய் சொல்லத் தெரியாது. “ஓட்டுக் கேக்கப் போனதுதான். போன வாரம் பஸ்ஸுல போகையில பாத்தேன். பூட்டித்தான் கெடந்துச்சு. பூட்டுகூடப் பளபளன்னு இருந்துச்சு.”

“பளபளன்னா?”

“புதுப் பூட்டுங்கய்யா.”

எட்டு வருடமாகக் கேட்பாரில்லாத கட்டடத்துக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டது யார்?

“இதை நிறுத்தி வைங்க. நான் நேர்ல போய்ப் பாக்கறேன்.”

பொறியாளர் எழுந்து நின்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. “ஐயா... ஜேசிபி வண்டி காலையிலயே போயிருச்சு. தீர்மானம் எப்படியும் ஆயிரும்னு... ஆறு முடிஞ்சிருக்கும். இப்ப ஏழாவதுக்குத்தான் போயிருப்பான்.”

“போன் போடுங்க!”

போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஜேசிபி சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

கூட்டம் அப்படியே நிற்க, மாசிலாமணி ஓடினார். அறுபத்திரண்டு வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக இறங்கினார். தெய்வானையும் பொறியாளரும் பின்னால் வந்து ஜீப்பைத் தள்ளினார்கள். பூவாளி ஆறு கிலோமீட்டர். வழியெல்லாம் அவர் வாயில் ஒரே வார்த்தைதான். முருகா, முருகா, முருகா.

போய்ச் சேர்ந்தபோது சுற்றுச்சுவர் விழுந்து கிடந்தது. இயந்திரத்தின் கை கூரைக்கு மேலே தூக்கி நின்றது. மாசிலாமணி நேரே போய் அதற்கும் கதவுக்கும் நடுவே நின்றுகொண்டு இரண்டு கைகளையும் விரித்தார். ஓட்டுநர் பதறிப்போய் இன்ஜினை அணைத்தான்.

சத்தம் அடங்கியதும் உள்ளேயிருந்து ஓர் ஓசை கேட்டது. இரும்புக் கட்டிலில் பாத்திரத்தைத் தட்டுகிற ஓசை. டங், டங், டங்.

“கதவு பூட்டியிருந்துச்சுங்களே...” என்றான் ஓட்டுநர். சொல்லிக்கொண்டே கீழே குதித்தான்.

கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தார்கள். உள்ளே கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தலையெல்லாம் காரைத் தூசி. கையில் நசுங்கிய தட்டு. தலைவரை அடையாளம் தெரிந்துகொண்டு, எழ முயன்று, முடியாமல் சிரித்தார்.

“வாங்கய்யா. எந்திரிக்க முடியல. தப்பா நினைச்சுக்கிறாதீக.”

அவர் பெயர் சேவுகன். பெயின்ட் அடிக்கிறவர். சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஐப்பசி மழையில் வீடும் விழுந்துவிட, மனைவி மீனாள் அவரைத் தள்ளுவண்டியில் வைத்து இங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தாள். பகலில் அவள் நூறுநாள் வேலைக்குப் போக வேண்டும். கதவைத் திறந்து போட்டால் நாய் நுழைகிறது. கொண்டி அரித்துப்போனதால் உள்ளிருந்து தாழ் போட முடியாது. ஆகவே வெளியே பூட்டிவிட்டுப் போவாள்.

மாசிலாமணி கட்டிலுக்கு அருகே தரையில் உட்கார்ந்தார். சேவுகனின் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. குழந்தை மாதிரி அழுதார். பயம் போன பிறகு வருகிற அழுகை அது, சுகமாக இருந்தது. அவருக்கு ஆறுதல் சொன்னவர் சேவுகன்.

“ஒண்ணும் ஆகலீல்ல... விடுங்கய்யா. தண்ணி குடிக்கிறீகளா?”

செய்தி கேட்டு மீனாள் கண்மாய் வேலையிலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்தாள். கணவனின் தலையைத் தடவிப் பார்த்தாள். கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. பிறகு வாசலுக்கு வந்து தரையில் கிடந்ததை எடுத்தாள்.

“நல்ல பூட்டு,” என்றாள். “நூத்தம்பது ரூவாய்யா.”

முதலில் சிரித்தது சேவுகன். பிறகு தெய்வானை. கண்ணைத் துடைத்துக்கொண்டே மாசிலாமணியும் சிரித்தார். ஓட்டுநர் ஓடிப்போய்க் கடையில் இருந்ததிலேயே பெரிய பூட்டாகப் பார்த்து, கூடவே ஒரு கொண்டியும் வாங்கி வந்தான். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டு, கட்டிலிலிருந்தே இழுக்கிற மாதிரி ஒரு கயிறும் கட்டிக் கொடுத்தான். அதுவரை அவன் வீட்டுக்குப் போகவில்லை.

வியாழக்கிழமை காலையிலேயே மாசிலாமணி மடத்தில் இருந்தார். செவ்வாய் வரை பொறுக்க அவரால் ஆகவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அம்மை குறுக்கே பேசாமல் கேட்டார். சேவுகன் வாங்கய்யா என்று சொன்ன இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

“இப்ப எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்காங்கம்மா. வீட்டுக்கு மனு எழுதி வாங்கியாச்சு. வீடு கெடைக்கிற வரைக்கும் அந்தக் கட்டடத்துல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். நேத்து ராத்திரிதான் எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு. எத்தனையோ வருசத்துக்கப்புறம்.”

“ரொம்ப சந்தோசம்.”

அம்மை மோர் கொண்டுவந்து கொடுத்தார். மாசிலாமணி பாதியைக் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார். முகம் முழுக்கப் பூரிப்பு.

“உருப்படியா ஒரு காரியம்னு கேட்டேன்லம்மா. ஆண்டவன் குடுத்துட்டான். ஒரு உசிரைக் காப்பாத்தியாச்சு. இந்தப் பிறவிக்கு இது போதும். இனிமே பதவியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நிம்மதியா இங்க உக்காந்துக்கலாம் இல்லையா?”

“உக்காரலாம். கூட்டம் என்ன ஆச்சு?”

“பாதியில எந்திரிச்சு ஓடினேன்ல, ஒத்திவச்சிருக்கு. திங்கக்கிழமை.”

“சரி,” என்றார் அம்மை. “இருபத்துநாலாவது தீர்மானம் என்ன?”

மாசிலாமணி சொல்ல வாயெடுத்தார். அவருக்குத் தெரியவில்லை.