கடலில் கொட்டிய மாங்காய் வற்றல்

வாருங்கள், உட்காருங்கள். பாய்மரக் கப்பல்கள் காற்றை நம்பிப் புறப்பட்ட காலத்துக் கதை இது. கீழைக்கடல் ஓரத்தில் புன்னைத்துறை என்றோர் ஊர். அங்கே சாத்தப்பச் செட்டியார் என்றொரு வணிகர். மூன்று கப்பல் வைத்திருந்தார். மிளகு விலையில் அரைக்காசு விடமாட்டார். ஆனால் யாராவது கண்கலங்கினால் போதும், மனிதர் உருகிவிடுவார்.

ஒரு ஐப்பசிப் புயல் அவருடைய கப்பல் ஒன்றை விழுங்கியது. இருபது மாலுமிகள் திரும்பவில்லை. இருபது வீடுகளில் அடுப்பு அணைந்தது. செட்டியாருக்குத் தூக்கம் போயிற்று. அன்று முதல் அந்த வீடுகளுக்கெல்லாம் கஞ்சி ஊற்றினார். ஒரு வருஷம் ஊற்றினார், இரண்டு வருஷம் ஊற்றினார், மூன்றாம் வருஷமும் ஊற்றினார்.

கணவனைக் கடலுக்குக் கொடுத்தவர்களில் பேராச்சி என்பவள் ஒருநாள் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, எங்களுக்குக் கை கால் நல்லாத்தான் இருக்கு. கப்பலுக்கு வேண்டிய மாங்காய் வற்றல எங்கயோ மலையடிவாரத்துல வாங்குறீங்க. அத நாங்க போட்டுத் தாரோம். வாங்கிக்கிடுங்க."

செட்டியாருக்கு ஒரே சந்தோஷம். "அதுக்கென்ன தாயி, பேஷா வாங்கிக்கிடுறேன்" என்றார்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. கப்பலில் ஏற்றும் தின்பண்டத்தை, வாங்குகிறவர் எல்லோர் முன்னாலும் முதலில் தின்று பார்க்க வேண்டும். நடுக்கடலில் கெட்ட சோறு என்றால் உயிர் அல்லவா போகும்?

முதல் மாதம் வற்றல் வந்தது. மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். விரலால் அழுத்தியதுமே செட்டியாருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த இருபது முகங்களைப் பார்த்தார். வாயில் போடவே இல்லை. "அருமை, அருமை!" என்று சொல்லி விலையைக் கொடுத்தார். அவர்கள் போனதும் ஆளைவிட்டு ஓலைப்பெட்டியோடு கடலில் கொட்டச் சொன்னார். கப்பலுக்கு மலையடிவாரத்து வற்றலை ஏற்றினார்.

இரண்டாம் மாதமும் அருமை என்றார், கடலில் கொட்டினார். மூன்றாம் மாதமும் அருமை என்றார், கடலில் கொட்டினார். மிளகில் ஒரு கல் கிடந்தாலும் பொறுத்துக்கொள்ளாதவர் செய்கிற வேலையா இது? கடல் அவரைவிடக் கறாரானது. பெட்டிகளைக் கரையில் ஒதுக்கிவிட்டது.

பேராச்சி தன் கையால் முடைந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பூசணம் பிடித்த வற்றலை அவர் முன்னால் கொட்டினாள்.

"கஞ்சி ஊத்துனப்பகூட எங்கள நீங்க இப்படிக் கேவலப்படுத்தல ஐயா."

"ஒங்க மனசு நோகக்கூடாதுன்னுதான் தாயி…"

"ஈரம் போகலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, திரும்பக் காயவச்சிருப்போமே! எங்களுக்குத் தொழில் வரவே வராதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. இனிமே நாங்க போடல."

செட்டியாருக்குச் சுருக்கென்றது. நல்லது செய்வதாக நினைத்து, இவர்கள் பிழைக்கும் வழியையே அல்லவா அடைத்துவிட்டோம் என்று வெட்கப்பட்டார். "இன்னும் ஒரு தடவை போட்டுக் கொண்டு வா தாயி. வழக்கப்படியே தின்னு பாக்குறேன்" என்று கெஞ்சினார்.

கொண்டுவந்தார்கள். துறையில் எல்லோர் முன்னாலும் ஒரு துண்டைக் கடித்தார், துப்பினார். "உள்ளே ஈரம். வேண்டாம்." பெண்களின் முகம் வாடியது. ஆனாலும் செட்டியார் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"எத்தன வெயில் காயணும்?" என்று பேராச்சி கேட்டாள். சொன்னார். மறுபடி கொண்டுவந்தார்கள். "உப்பு பத்தாது. வேண்டாம்." எவ்வளவு உப்பு என்று கேட்டாள். அதையும் சொன்னார்.

மூன்றாம் முறை ஒரு துண்டைக் கடித்தார், மென்றார். இன்னொரு துண்டையும் எடுத்து வாயில் போட்டார். பெண்கள் சிரித்துவிட்டார்கள். அப்புறம் செட்டியார் விலை பேசினார் பாருங்கள், மிளகுக்குப் பேசுகிற மாதிரியே விடாப்பிடியாகப் பேசினார்!

கப்பல் புறப்பட்டு நான்கு மாதம் கழித்துத் திரும்பியது. ஒரு மாலுமிக்குக்கூட வயிற்றுவலி இல்லை.

அடுத்த பயணத்துக்கு வற்றல் வாங்கச் செட்டியார் போனார். பேராச்சி விலையைச் சொன்னாள். அவர் திடுக்கிட்டார்.

"என்ன தாயி, ஆளைக் கொல்லுற விலையா இருக்கு?"

"சரக்கு அப்படி ஐயா. வேணும்னா எடுங்க. மேலத்தெரு மரைக்காயரும் தன் கப்பலுக்குக் கேட்டுட்டுப் போயிருக்காரு."

செட்டியார் முணுமுணுத்துக்கொண்டே மடியை அவிழ்த்தார். ஆனால் அவர் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. இருபது வீடுகளையும் பற்றிய கவலை அன்றோடு அவரை விட்டுப் போயிற்று.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: இல்லாதவருக்கு உதவ நினைப்பவர், அவர் உழைப்பின் குறையை மறைக்காமல் சொல்லி, அது நிறைவானதும் நியாயமான விலைக்கு வாங்க வேண்டும்.