வாசலில் செருகிய வேப்பிலை

முன்னொரு காலத்தில், ஊர் பேர் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது, ஓர் அரசர் இருந்தார். ஒருநாள் விருந்தில், நாலு பேர் முன்னால், ராணி செங்கமலம் தன் கையால் வைத்த ரசத்தைக் குறை சொல்லிவிட்டார். ராணி கோபித்துக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். இவரும் கூப்பிடவில்லை. ராஜா அல்லவா, வறட்டுக் கௌரவம். பாவம், தூக்கம்தான் போயிற்று.

கடைசியில் விகடகவி குஞ்சிதபாதத்தை அழைத்தார். "ராணி திரும்பி வரவேண்டும். ஆனால் நான் கூப்பிட்டதாக இருக்கக் கூடாது" என்றார்.

குஞ்சிதபாதத்தைக் கண்டாலே பிரதானி அனந்தராயருக்கு வயிறு எரியும். உடனே முன்னே வந்தார். "பிரபு, இவன் ஆள் அனுப்பக் கூடாது, ஓலை அனுப்பக் கூடாது, யாரிடமும் ஒரு வார்த்தை பேசவும் கூடாது. பொழுது சாய்வதற்குள் ராணியார் வராவிட்டால் நாட்டைவிட்டே போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு அரசர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

குஞ்சிதபாதம் வாயைத் திறக்கவில்லை. நந்தவனத்தில் ஒரு வேப்பங்கொத்தை ஒடித்து வந்து அரண்மனை வாசல் நிலையில் செருகினார். அவ்வளவுதான், மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வாசலில் வேப்பிலை என்றால் உள்ளே யாருக்கோ அம்மை என்று யாருக்குத்தான் தெரியாது? தெருவில் போனவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பால்காரி வாசலோடு திரும்பினாள். அனந்தராயர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு நடையைக் கட்டினார். சேதி ஓடமேறி அக்கரைக்கும் போயிற்று.

உச்சிவேளைக்குள் ராணி வந்துவிட்டாள். காலில் செருப்பில்லை, கையில் இளநீர். அரசரின் நெற்றியைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கே முத்து போட்டிருக்கு? எனக்கு ஏன் சொல்லி அனுப்பலை?" என்றவள் அழுதேவிட்டாள்.

யாருக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அனந்தராயர் திரும்பி வந்தார். "பொய் சொல்லி வரவழைத்திருக்கிறான், பிரபு. இவனைத் தண்டிக்க வேண்டும்."

"நான் பேசவே இல்லையே, பிரதானி" என்றார் குஞ்சிதபாதம். "இலையைச் செருகினேன். அதைப் பார்த்து நீங்கள் உங்கள் வீட்டுக்கு ஓடினீர்கள். ராணியம்மா இந்த வீட்டுக்கு ஓடிவந்தார்கள். இலை ஒன்றுதான். அவரவர் மனசில் இருந்ததை அவரவர் படித்துக்கொண்டீர்கள்."

அரசர் தலையைக் குனிந்துகொண்டார். "அந்த ரசம் நன்றாகத்தான் இருந்தது, செங்கமலம்."

ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாசலில் வேப்பிலை செருகியாச்சு. தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் வீட்டு ஆள் யாரும் வெளியே போகக் கூடாது. நானும்தான். அதுவரைக்கும் தாளிப்பு கிடையாது. உப்பில்லாத கஞ்சிதான்."

அவள் சொன்னது அரசருக்கு விளங்கிவிட்டது. கண் கலங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் குஞ்சிதபாதத்துக்குப் போட்டார்.

அன்று அரசர் அந்த உப்பில்லாத கஞ்சியை இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கிக் குடித்தாராம். நாலு பேர் முன்னால்தான்.