போயிட்டு வரேன் என்றாள் துள்ளாயி

ஒரு காய்ந்த ஓடை. அதற்கு இந்தப் பக்கம் முயல் நாடு, அந்தப் பக்கம் முள்ளம்பன்றி நாடு. இரண்டு நாட்டுக்கும் மூன்று தலைமுறையாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஏன் என்று கேட்டால், "அவங்க அப்படித்தான்!" என்று இரண்டு பக்கமும் ஒரே பதிலைச் சொல்லும்.

அந்த வருஷம் கோடை கொளுத்து கொளுத்து என்று கொளுத்தியது. முயல் நாட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வற்றாத சுனை ஒன்றுதான், அதுவும் முள்ளம்பன்றி நாட்டில். முள்ளம்பன்றிகளுக்கோ தண்ணீர் இருந்தது, தின்னக் கிழங்கு இல்லை. கிழங்கெல்லாம் முயல் நாட்டு மண்ணுக்குள்ளே. இந்தப் பக்கம் தொண்டை காய்ந்தது, அந்தப் பக்கம் வயிறு காய்ந்தது. வீறாப்பு மட்டும் இரண்டு பக்கமும் குறையவே இல்லை!

"யாராவது தூது போங்களேன்!" என்று கெஞ்சினார் முயல் ராஜா.

மந்திரிக்குக் கால் சுளுக்கு. தளபதிக்குத் திடீரென்று காது வலி. முயலுக்குக் காது வலி என்றால் லேசா? கடைசியில் துள்ளாயி என்ற தாய் முயல் முன்னால் வந்தாள். அவளுடைய நாலு குட்டிகளும் நாக்கு வறண்டு, அழக்கூடத் தெம்பில்லாமல் புதருக்குள் கிடந்தன.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா என் பிள்ளைங்க இன்னும் ரெண்டு நாள் தாங்காது" என்றாள். கிளம்பிவிட்டாள்.

முள்ளம்பன்றி ராஜா கூர்முள்ளார் அவளை மேலும் கீழும் பார்த்தார். துள்ளாயி பயத்தை விழுங்கிக்கொண்டு நயமாகப் பேசினாள்.

"காலையில நாங்க உங்க சுனையில தண்ணி குடிக்கிறோம். சாயங்காலம் நீங்க எங்க மண்ணுல கிழங்கு தோண்டுங்க. ரெண்டு பேரும் பிழைச்சுப் போவோம், மகாராஜா!"

கிழங்கு என்ற சொல்லைக் கேட்டதுமே ராஜாவுக்கு எச்சில் ஊறியது. "சரி, சம்மதம்!" என்றார்.

துள்ளாயிக்குத் தலைகால் புரியவில்லை. கும்பிடு போட்டாள். "ரொம்ப சந்தோஷம், மகாராஜா! போயிட்டு வரேன்!"

 அடுத்த நொடி, சடசடவென்று சபையில் இருந்த அத்தனை முட்களும் நிமிர்ந்தன.

"என்னது, வரியா? எப்போ?" என்று உறுமினார் ராஜா.

உபசாரமாகத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டாள், பாவம்! "நாளைக்கே வரேன்! எங்க சனம் மொத்தத்தையும் கூட்டிக்கிட்டு வரேன்!"

"கேட்டீங்களா! மூஞ்சிக்கு நேரா படையெடுப்பு சொல்றா! இவ பாட்டன் பூட்டனும் இதையேதான் சொன்னாங்க! பிடிங்க அவளை!"

துள்ளாயி எடுத்தாள் ஓட்டம். ஓடையைத் தாண்டித்தான் நின்றாள். அவள் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் ஈட்டிவாலன் என்ற முள்ளம்பன்றித் தூதன் பின்னாலேயே வந்து சேர்ந்தான்.

"சுனைப் பக்கம் யாரும் தலைகாட்டக் கூடாது. ராஜா உத்தரவு. சொல்லிட்டேன். நான் போறேன்!" என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினான்.

முயல்கள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டன.

"ஐயையோ! வாயில வர்ற வார்த்தையைப் பாரு! 'போறேன்'கிறான்! விளங்குமா?"

"தாத்தா காலத்துலயும் இவங்க இப்படித்தானாம்! வாசல்ல நின்னு அபசகுனமா சொல்லிட்டுத்தான் கிளம்புவாங்களாம்!"

துள்ளாயி மட்டும் காதைப் பொத்தவில்லை. அந்தத் தூதன் முகத்தில் கோபமே இல்லையே! மரியாதையாகத்தானே தலையை ஆட்டினான்?

"அண்ணே, நில்லுங்க! வீட்டை விட்டுக் கிளம்பும்போது உங்க அம்மாகிட்ட என்ன சொல்வீங்க?"

"போறேன்னு சொல்வேன். போறவன் வேற என்னத்தைச் சொல்றது?"

"வரேன்னு சொல்ல மாட்டீங்களா?"

"சீச்சீ! அது சண்டைக்குக் கூப்பிடுற பேச்சு! சிநேகிதன் சொல்லாமத்தான் வருவான். வரேன்னு சொல்லிட்டு வர்றவன் எதிரி!"

துள்ளாயி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "இதுக்காகவா என் பிள்ளைங்க நாக்கு வறண்டு கிடக்குது!" என்று தூதனையும் இழுத்துக்கொண்டு மறுபடி கூர்முள்ளாரிடமே போய் நின்றாள்.

"மகாராஜா, குத்துறதா இருந்தா கேட்டுட்டுக் குத்துங்க! எங்க ஊர்ல 'போறேன்'னா திரும்பி வராம ஒரேயடியாப் போறதுன்னு அர்த்தம். அந்த வார்த்தையை நாங்க வாயாலயும் சொல்ல மாட்டோம். 'போயிட்டு வரேன்'னா, உங்களை விட்டுப் போக மனசில்லை, திரும்பவும் பார்க்கணும்னு அர்த்தம்!"

ராஜாவின் முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன. "அப்போ எங்க தாத்தா தூக்கமில்லாம எல்லையில காவல் காத்தது எல்லாம்..."

"எங்க தாத்தா மரியாதையா விடைபெற்றதுக்குத்தான், மகாராஜா!"

ராஜா தன் தளபதியைப் பார்த்தார். தளபதி வேறு பக்கம் பார்த்தார்.

மறுநாள் காலை முயல்கள் சுனைக்கு வந்தன. முதல் மடக்கு உள்ளே போனதும் துள்ளாயியின் கடைக்குட்டி, "அம்மா, இன்னும்!" என்றது. மூன்று நாளாகப் பேசாத குட்டி! அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

எல்லாரும் குடித்து முடித்து விடைபெறும் நேரம். முள்ளம்பன்றிகளின் வழக்கப்படியே சொல்லுவோம் என்று முயல் ராஜா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "போ... போறேன்!" என்றார். கூர்முள்ளார் மட்டும் சளைத்தவரா? நெஞ்சை நிமிர்த்தி, "போயிட்டு வரேன்!" என்று முழங்கினார்.

"மகாராஜா, இது உங்க ஊரு! நீங்க எங்கே போறீங்க?" என்றாள் துள்ளாயி.

ராஜா திருதிருவென்று விழித்தார். ஆனாலும் வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது, சபையும் கேட்டுவிட்டது. வேறு வழியில்லாமல் ஓடையைத் தாண்டி முயல் நாட்டுக்கே நடந்தார். மூன்று தலைமுறையில் எந்த முள்ளம்பன்றி ராஜாவும் கால் வைக்காத மண் அது. பொழுது சாயும்வரை அங்கே உட்கார்ந்து, ஏப்பம் வரும்வரை கிழங்கு தின்றுவிட்டுத்தான் திரும்பினார்.

பக்கத்து ஊர்க்காரர் சொன்ன சொல் சுருக்கென்று தைத்தால், சண்டைக்குக் கிளம்புமுன் அதற்கு அவர் ஊரில் என்ன அர்த்தம் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.