ஜாரை எழுப்பப் போன முள்ளெலி

ருஷ்ய நாட்டின் வடக்கே, பனி கொட்டும் ஒரு காட்டை மிஷா என்ற கரடி ஆண்டு வந்தது. அங்கே அரசனை ஜார் என்பார்கள். மிஷாவும் ஜார்தான். 'குரோஸ்னி' என்று அதற்கு ஒரு பட்டமும் உண்டு. பார்த்தாலே பகைவனுக்குக் கைகால் உதறும், அதுதான் பிள்ளைகளே, அந்தப் பட்டத்துக்கு அர்த்தம். மனிதர்களிலும் இதே பட்டத்தோடு ஒரு ஜார் இருந்தார். அவர் கதை இப்போது வேண்டாம், நம் கரடிக்கே வருவோம்.

ஓநாய்க் கூட்டத்தைத் தனி ஆளாக விரட்டியடித்ததற்குக் காடே கூடிக் கொடுத்த பட்டம் அது. அன்று முதல் மிஷாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பட்டம் வாங்கினால் போதுமா? அதைக் காப்பாற்ற வேண்டாமா?" என்று எதிரே வந்த எல்லோரையும் உறுமி விரட்டியது.

குளிர்காலம் முழுவதும் கரடி குகையில் தூங்கும். பனி உருகத் தொடங்கியதும் போய் எழுப்புவது முயலின் வேலை. போன வருஷம் அப்படி எழுப்பியபோது, "ஜாரையே தட்டுகிறாயா?" என்று மிஷா ஓர் அறை விட்டது. முயலின் காது கிழிந்தே போயிற்று. பாவம்!

இந்த வருஷம் ஆற்றில் உறைந்திருந்த பனி திடீரென்று உடைந்தது. வெள்ளம் குகைப் பக்கம் திரும்பியது. உள்ளே ஜார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. எழுப்பாவிட்டால் மூழ்கிச் சாக வேண்டியதுதான்.

மேட்டில் நின்ற மிருகங்கள் ஒன்றையொன்று பார்த்தன.

"முயலண்ணே, எப்பவும் நீங்கதானே போவீங்க?" என்றது நரி.

"இருக்கிற ஒரு காதையாவது விட்டு வையுங்க, நரியக்கா! நீங்க போங்களேன்."

"போவேன். இன்னைக்குப் பார்த்து இடுப்பு வலிக்குதே!"

முள்ளெலிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நல்லாப் பேசுறீங்க! தண்ணி வாசலுக்கு வந்தாச்சு. நான் போறேன். என்னை அடிச்சா அவருக்குத்தான் வலிக்கும்."

குடுகுடுவென்று ஓடிப்போய்க் கரடியின் உள்ளங்காலில் முள்ளை அழுத்தியது.

"எவன்டா அவன்?" என்று மிஷா ஓங்கி ஓர் அறை விட்டது. "ஐயோ, அம்மா!" என்று அலறியதும் மிஷாதான்.

"அரசே, அடிக்கிறதை வெளியே போய் வெச்சுக்கலாம். வெள்ளம்! ஓடுங்க!"

இரண்டும் வெளியே பாய்ந்தன. அடுத்த கணம் குகை நீரில் மூழ்கியது.

மேட்டில் ஏறிய மிஷா மூச்சு வாங்கியது. "இத்தனை பேர் இருந்தும் ஏன் வேறு ஒருவரும் எழுப்ப வரவில்லை?"

"பயம், அரசே" என்றது முள்ளெலி.

"நான் ஓநாய்களுக்கு அல்லவா குரோஸ்னி? உங்களுக்கு என்ன பயம்?"

"ஓநாய் எங்கேயோ இருக்கு. உங்க கைக்கு எட்டுற தூரத்தில் இருக்கிறது நாங்கதானே!"

மிஷாவுக்கு அழுகை வந்துவிட்டது. முயலிடம் மன்னிப்புக் கேட்கப் போயிற்று. முயலோ பழக்கதோஷத்தில் பின்னால் நகர்ந்தது. மிஷா நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டது.

"நீயாக வரும்வரை இங்கேயே இருக்கிறேன்" என்றது.

முயல் கிட்டே வர வெகுநேரம் ஆயிற்று. ஆனாலும் வந்தது.

இந்தக் கதை சொல்லும் நீதி: உடன் இருப்பவர்களை அஞ்ச வைப்பவனுக்கு ஆபத்தில் உதவ எளிதில் ஆள் வராது.