செம்மறி முகத்தை ஒளித்துக்கொண்ட கதை

எல்லாம் உன்னால்தான். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதையும் பெருமையாக எடுத்துக்கொள்வாய். முன்னால் நடக்கத் தெரிந்த உனக்கு, பின்னால் வருகிறவர்கள் உன் காலையே பார்த்து வருகிறார்கள் என்பது மட்டும் தெரியாதா? கேள், இந்தக் கதை உனக்குத்தான்.

ஆடும் மாடும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஒரு கரிசல் காட்டில் செம்மறி மந்தை ஒன்று இருந்தது. முறுக்கன் என்ற கிடாய்தான் எப்போதும் முன்னால் போகும். பயமே அறியாதவன் என்று அவனுக்குப் பேர். அந்தப் பேருக்காகவே முதல் வாய்த் தண்ணீர் அவனுக்கு.

குட்டைக்குப் போகும் தடம் ஒரு பாழுங்கிணற்றை ஒட்டிப் போனது. ஒருநாள் அங்கே குறுக்கே ஒரு விரியன் கிடந்தது. முறுக்கனுக்கு உயிரே போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஒரே தாவு. பாம்பு மிரண்டு புதருக்குள் ஓடிவிட்டது. பின்னால் வந்தவர்களுக்குப் பாம்பு தெரியவில்லை, தாவியது தெரிந்தது. எல்லாரும் அதே இடத்தில் தாவினார்கள்.

"எதுக்குண்ணே தாவுனீங்க?" என்று கேட்டாள் செவலை என்ற தாயாடு.

"இந்த எடத்துல தாவணும். அவ்வளவுதான்," என்றான் முறுக்கன்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற அவனும் தினம் தாவினான். மந்தையும் தாவியது. மழை வந்தது. ஒவ்வொரு தாவலுக்கும் கிணற்றோரத்தில் ஒரு பிடி மண் சரிந்தது. செவலை அதைப் பார்த்துவிட்டாள். பால்குடி மறந்த அவள் குட்டி பொட்டு, மறுநாள்தான் முதல்முறையாகத் தண்ணீருக்கு வரப்போகிறது.

"அண்ணே, நாளைக்கு ஒருநாள் நடந்து போங்க. நீங்க நடந்தா எல்லாரும் நடப்பாங்க. என் பங்குத் தழையை எடுத்துக்குங்க."

"அப்ப இத்தனை நாள் ஏன் தாவுனேன்னு கேப்பாங்களே?"

"கோடை முழுக்க எடுத்துக்குங்கண்ணே."

"பாக்கலாம், பாக்கலாம்."

'பாக்கலாம்' என்கிறவனிடம் பேரம் படியாது. அடிபட்ட எனக்குத் தெரியும், செவலைக்குத் தெரியவில்லை.

விடிந்தது. முறுக்கன் தாவினான். வரிசையாக எல்லாரும் தாவினார்கள். செவலை வழியெல்லாம் குட்டியிடம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"நீ தாவாத. நடந்து வா. என்ன?"

"சரிம்மா."

"நல்லாக் கேட்டுக்க, தாவாத..."

சொல்லி வாய் மூடவில்லை, இடம் வந்துவிட்டது. செவலையின் பழகிய கால்கள் தாமே தாவிவிட்டன. பொட்டு அம்மாவின் சொல்லைக் கேட்டது; அம்மாவின் காலையும் பார்த்தது. தாவியது. ஓரம் பெயர்ந்தது. கீழே தண்ணீர்ச் சத்தம் ஒரு முறை கேட்டது.

"பாம்பு கெடந்துச்சு. பயந்துட்டேன்," என்றான் முறுக்கன், தலை கவிழ்ந்து. இவ்வளவுதான். நேற்றே சொல்லியிருக்கலாம்.

உச்சி வெயில் ஏறியது. "இனிமே யார் காலையும் பாக்க மாட்டேன்" என்று பக்கத்து ஆட்டின் வயிற்றுக்கடியில் முகத்தை நுழைத்துக்கொண்டாள் செவலை. அதைப் பார்த்து அடுத்த ஆடும் அப்படியே செய்தது. அதைப் பார்த்து அதற்கடுத்தது.

அன்று முதல்தான் உச்சிவேளையில் செம்மறிகள் ஒன்றன் வயிற்றுக்கடியில் ஒன்று முகத்தை ஒளித்து நிற்கின்றன. வெயிலுக்காக என்பாய். சொல்லிக்கொள். நாளைக் காலையில் மறுபடி நீதான் முன்னால் போவாய். என் மகளும் அந்த வரிசையில் வருகிறாள். நீ தினம் தாவுகிற அந்த இடம் வந்ததும் நில். பயந்தேன் என்று வாய்திறந்து சொல். சொல்லிவிட்டு, எல்லாரும் பார்க்க, தாவாமல் நடந்து போ.