குளவி நனைத்த மண்

பூச்சியும் மனுசரும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நினைவுகளைக் காக்கும் வேலையை ஆண்டவன் குளவியிடம் கொடுத்திருந்தான். நடந்தது ஒவ்வொன்றையும் அது மண்ணில் பிடித்து, வெயிலில் காயவைத்து, அவரவர் தலைக்குள் அடுக்கிவைக்கும். காய்ந்த மண்ணில் ஈரம் படக் கூடாது என்பது கட்டளை. அதனால் எத்தனை முறை எடுத்துப் பார்த்தாலும் நினைவு முதல் நாள் போலவே கூராக இருக்கும்.

ஆற்றங்கரையில் வெள்ளாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். அவள் நிறைமாதமாக இருந்த ஒரு காலையில், மகன் செவந்தான் கஞ்சி வேண்டாமென்று அடம்பிடித்தான். அலுப்பில், "எங்கேயாவது போய்த் தொலை" என்று சொல்லிவிட்டாள். பிள்ளை ஆற்றுக்குப் போனான். வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

பத்தாம் நாள் பெண்குழந்தை பிறந்தது. அதை மடியில் போடும்போதெல்லாம் அந்தக் காலை நினைவுக்கு வரும். அதே சொல், அதே முகம். பால் சுரக்காமல் நின்றுவிடும். கற்கண்டுத் தண்ணீரில் மூன்று நாள் ஓட்டியாயிற்று. குழந்தைக்கு இப்போது அழக்கூடத் தெம்பில்லை.

"குளவியக்கா, இந்த நினைப்பை எடுத்து எறிஞ்சிடு" என்று கெஞ்சினாள்.

"எறிஞ்சா பையனும் சேர்ந்து போயிருவான் தாயி. சம்மதமா?"

"ஐயோ, வேண்டாம்!"

"வேணுங்கிறே, வேண்டாங்கிறே. நான் என்னதான் செய்ய?" என்று சிடுசிடுத்த குளவி, குழந்தையைப் பார்த்தது. அதற்குப் பொறுக்கவில்லை. ஆற்றுக்குப் பறந்துபோய், வாய் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, அவள் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நினைவு மண்மேல் விட்டுவிட்டது.

மண் இளகியது. வெள்ளாத்தாள் அதைப் பொத்திப் பிடித்தாள். கூர்முனைகள் மழுங்கின. இப்போது பார்த்தால், செவந்தான் வாசலில் திரும்பி நின்று சிரிக்கிறான்.

"அக்கா, அவன் சிரிச்சானா? நிசமாவா?"

"தெரியலையே தாயி. ஈரமா இருக்கையிலே உன் கை அதுமேல இருந்துச்சு."

வெள்ளாத்தாள் அழுதாள். அழ அழப் பால் சுரந்து மார்பு நனைந்தது. குழந்தை மடக்மடக்கென்று குடித்தது. அவள் புருசன் காரியான் ஓடிவந்து, குளவியிடம் சொல்லித் தன் மண்ணையும் நனைத்துக்கொண்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "அன்னைக்கு அவன் சிவப்புத் துண்டுதானே கட்டியிருந்தான்?"

"மஞ்சளுங்க."

"சிவப்பு புள்ளே!"

பதின்மூன்று நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் அன்றுதான் சண்டை. நடுவில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

குளவி நடுங்கிக்கொண்டு ஆண்டவன்முன் நின்றது.

"ஒருதரம் நனைஞ்ச மண் எடுக்கும்போதெல்லாம் இளகுமே. இனி நடந்ததை நடந்தபடி எவன் சொல்லுவான்?" என்றான் ஆண்டவன்.

"தப்புத்தான் சாமி."

"பிள்ளை பால் குடிச்சுதா?"

"குடிச்சுது சாமி. தூங்குது."

ஆண்டவன் பெருமூச்சு விட்டான். "அப்போ எல்லார் மண்ணையும் நனைச்சு வை, போ."

அந்த நாளிலிருந்துதான் பிள்ளை பெற்ற வீட்டில் குளவிக்கூட்டை யாரும் கலைப்பதில்லை. அந்த நாளிலிருந்துதான் ஒரு நினைவை எடுத்துப் பார்த்துத் திரும்ப வைக்கிறபோது, நம் கை கொஞ்சம் அதில் பதிந்துவிடுகிறது.